பலூன் ஊதிய இடம்

இப்போது புகை போகிற டக்டுக்குள் கமெரா விடுகிறார்கள். பாம்பு மாதிரி ஒரு வயர், நுனியில் சின்ன லைட். கையில் இருக்கிற போனில் உள்ளே கிடப்பது எல்லாம் தெரிகிறது. போன மாதம் களுதாவளையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து காட்டினார்கள். ஹோட்டல் குசினிகளுக்கு நெருப்பணைக்கும் செட் பூட்டுகிற, அதாவது பொருத்துகிற, தொழிலில் இருப்பவர்கள். நல்ல சாமான். என் காலத்தில் இது இருந்திருந்தால் என் முழங்கால் இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கும்.

"உங்கட காலத்தில பலூன் கட்டித்தானாம் பாக்கிற. உண்மையா தம்பிராசா அண்ணன்?"

"ஓம்."

"பேத்டே பலூனா?"

"கடையில வேற பலூன் விக்கல்ல."

சிரித்தார்கள். பிறகு, தொழிலாளர் சங்கத்து மலருக்கு அதை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

தொழில் தெரியாதவர்களும் மலரைப் படிப்பார்கள். ஆகவே முதலில் சாமானைச் சொல்லிவிடுகிறேன். பெரிய குசினியில் அடுப்புகளுக்கு மேலே ஒரு தகரக் கூடு தொங்கும். அது ஹூட். புகையும் எண்ணெய் ஆவியும் அதற்குள் ஏறி, எண்ணெயை வடிக்கிற பில்டர்களைக் கடந்து, டக்ட் என்கிற பெரிய தகரக் குழாய் வழியாகக் கூரைக்கு வெளியே போகும். மேலே ஒரு விசிறி இழுத்துக்கொண்டிருக்கும். எண்ணெய் முழுக்க வெளியே போவதில்லை. டக்டின் உள்சுவரில் ஒட்டி, கறுத்து, பாகு மாதிரித் தடித்துவிடும். ஒரு நாள் எண்ணெய் கொதிக்கிற தாச்சி தீப்பிடித்தால் விசிறி அந்தத் தீயை இழுத்து டக்டுக்குள் விட்டுவிடும். பிறகு தாச்சியை மூடியும் பயனில்லை. எரிவது கூரைக்குள்.

அதற்குத்தான் இந்தச் செட். சுவரில் ஒரு சிலிண்டர், அதற்குள் மருந்துத் தண்ணீர். அதிலிருந்து குழாய் கிளம்பி அடுப்புக்கு மேலே, பில்டருக்குப் பின்னால், டக்டின் வாயில் என்று போகும். குழாய் முடிகிற இடத்தில் நொசில், அதாவது மருந்தைத் துப்புகிற வாய். ஹூட்டுக்குள் ஒரு கம்பிக் கயிறு இறுக்கமாக ஓடும். அதன் நடுவே சூட்டுக்கு உருகுகிற துண்டுகள். தீ எழும்பினால் துண்டு உருகும், கயிறு தளரும், சிலிண்டர் திறக்கும், கேஸ் தானாகப் பூட்டிக்கொள்ளும், எல்லா நொசிலும் ஒன்றாகத் துப்பும். கொதி எண்ணெயில் அந்த மருந்து பட்டால் சவர்க்காரம் போல நுரைத்து மூடிவிடும். பெரிய வித்தை இல்லை. சரியாகப் பூட்டியிருந்தால் வேலை செய்யும். பிழையாகப் பூட்டியிருந்தால் சுவரில் ஒரு சிவப்புச் சிலிண்டர் அழகுக்கு நிற்கும்.

நான் தொழில் பழகியது வளைகுடாவில். முதலில் தகரம் தூக்கினேன், பிறகு வெட்டினேன், பிறகு பூட்டினேன். வெயில், பஸ், வேலை, நித்திரை. வருடங்கள் அப்படியே போயின. அங்கேயிருந்து சொல்லவேண்டியது எங்கள் போர்மன் ஹனீபா காக்காவைப் பற்றித்தான்.

காக்கா என்றால் அண்ணன். ஏறாவூர்க்காரர். மெலிந்த ஆள், மேல் பொத்தான் வரை பூட்டிய சேட். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். பிழையான வேலை ஒன்றைக் கண்டால், "மனே, ஒரு பிளேன்டீ கொண்டு வா" என்பார். அந்தப் பிழைக்கு நேர் கீழே ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு அதில் குந்தியிருந்து குடிப்பார். வேலை செய்தவன் பக்கத்தில் நிற்க வேண்டும். காக்கா மேலே பார்ப்பார், ஒரு மிடறு குடிப்பார், திரும்பவும் பார்ப்பார். வாய் திறக்கமாட்டார். தேத்தண்ணி முடியுமுன் வேலை செய்தவனே பிழையைக் கண்டு ஏணியை எடுத்துவிடுவான். காணாவிட்டால் அடுத்த கிளாஸ் வரும். ஒருமுறை ஒருவன் கடைசி வரை காணவில்லை. காக்காவுக்கு அன்று நித்திரையே வரவில்லை என்று சொல்லிச் சிரிப்போம். குடித்த தேத்தண்ணி அவ்வளவு.

செட் பூட்டி முடிந்தால் சோதனை. மருந்தை வீணாக்கக்கூடாது. அதனால் மருந்துச் சிலிண்டரை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் காற்றடைத்த சிலிண்டர் ஒன்றைப் பூட்டுவோம். ஒவ்வொரு நொசிலின் வாயிலும் ஒரு பலூனைக் கட்டுவோம். உருகும் துண்டை நாமே வெட்டிவிடுவோம். கயிறு தளர்ந்து காற்று வந்தால் பலூன்கள் ஊதும். ஒன்று ஊதாவிட்டால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது. அவ்வளவு இலேசு.

முதல் சோதனையில் நான் கீழே நின்று, "எல்லாம் ஊதிட்டு காக்கா" என்றேன்.

"ஊதினதா எண்டு கேக்கல்ல மனே. எங்க ஊதுது எண்டு பாத்தயா?"

"நொசில்லதான் காக்கா."

"நொசில் எங்க பாக்குது?"

அண்ணாந்து பார்த்தேன். தாச்சியைப் பார்க்க வேண்டிய நொசில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் பூட்டிய பிறகு யாரோ அடுப்பை அரக்கித் தள்ளி வைத்திருக்கிறார்கள். தீ ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம்.

"சுவர் எரியாதுடா" என்றார் காக்கா. பிறகு தேத்தண்ணி கேட்டார்.

பலூன் ஊதுவதைப் பார்த்தவுடன் மனுசனுக்குச் சந்தோஷம் வந்துவிடும். சந்தோஷம் வந்தால் பார்ப்பதை நிறுத்திவிடுவான். காக்கா அதை இப்படி நீட்டிச் சொன்னதில்லை. வாளியில் குந்தியிருந்தார், எனக்கு விளங்கிவிட்டது.

ஊருக்குத் திரும்பி வந்தபோது இங்கே ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பாசிக்குடாப் பக்கம், கல்லடிப் பக்கம், வாவிக்கரையெல்லாம். செட் கொழும்பிலிருந்து பெட்டியில் வரும். பூட்டுவது ஊரில் அகப்படுகிற ஆள். தண்ணிக்குழாய் பூட்டுகிறவர், வெல்டிங் செய்கிறவர், யாராவது. எனக்கு வேலைக்குக் குறைவிருக்கவில்லை.

எத்தனை விதமான பிழை. ஒரு குசினியில் கம்பிக் கயிறு தலையில் இடிக்கிறது என்று கட்டுக்கம்பியால் ஹூட்டின் விளிம்போடு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். துண்டு உருகினாலும் அந்தக் கயிறு தளராது. இன்னொரு இடத்தில் சரஸ்வதி பூசைக்குச் சிலிண்டர், அடுப்பு, கத்தி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர் நொசில்களையும் விடவில்லை. ஓட்டையிலேயே சந்தனத்தை அப்பியிருந்தார். காய்ந்த சந்தனம் சீமெந்து மாதிரி. "பொட்டைச் சிலிண்டரோட நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஊசியால் கிளறி எடுத்தேன். ஒரு குசினியில் அந்தக் கயிற்றில் கருவாடு தொங்கியது.

"வெயில விட நல்ல சூடு வருது அண்ணன். மழைக்கும் பயமில்ல" என்றார் சமையல்காரர்.

கழற்றச் சொன்னேன். கழற்றினார். கழற்றியதில் பாதியை எனக்குச் சுற்றித் தந்தார். வாங்கிக்கொண்டேன். நல்ல கருவாடு.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வேலையில் சோம்பலும் இல்லை. அந்தச் சாமான் எதற்கு நிற்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். ஒரே ஒரு வேலைதான் என்னை உண்மையாகக் கஷ்டப்படுத்தியது. அந்தக் குசினியில் நின்றவன் என் மனைவி பவளத்தின் தம்பி யோகன்.

வாவிக்கரையில் ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம். முன்னால் சாப்பிடுகிற மண்டபம். வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும் என்று அதற்குத் தென்னோலைக் கிடுகு வேய்ந்திருந்தார்கள். பின்னால் குசினி. குசினியின் பின்சுவருக்கு அங்கால் தண்ணீர்தான். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே கதவு, அந்தக் கதவு திறப்பது கிடுகு மண்டபத்துக்குள். டக்ட் சீலிங்குக்கு மேலால் போய், கிடுகுக் கூரைக்குப் பக்கத்தில் வெளியே வந்தது. டக்டுக்குள் தீ போனால் முதலில் பிடிப்பது கிடுகு. கிடுகு பிடித்தால் குசினிக்குள் நிற்பவர்களுக்குக் கதவு இல்லை. உள்ளே யோகனும், தேங்காய் துருவி வெங்காயம் வெட்டுகிற பெண்களும் நிற்பார்கள்.

யோகன் பல வருடம் தேத்தண்ணிக் கடைகளில் புட்டவித்தவன். இந்த ஹோட்டலில்தான் அவனுக்கு ஒரு மதிப்பு வந்தது. பெரிய குக்காக இருந்தவர் வெளிநாடு போய்விட்டார். முதலாளி அந்த இடத்தை யோகனுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார், ஒரு கலியாணச் சாப்பாட்டைத் தனியாகச் செய்து காட்டினால். கலியாணத்துக்கு முதல் நாள் காலையில்தான் செட்டுக்கு வருடச் சோதனை. "என்ட அத்தான் இந்த வேலைதான் செய்யிறவர்" என்று முதலாளியிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டதும் யோகன்தான்.

"அத்தான், சுறுக்கா முடிச்சுத் தாங்க" என்றான். "மறுகா அடுப்புப் பத்த வைக்க வேணும். இறைச்சி வந்துட்டு."

செட்டைப் பூட்டியவர் குமாரு பாஸ், தகர வேலை மேஸ்திரி. நாவற்குடாவில் எங்கள் பக்கத்துத் தெரு. என்னைவிட வயது கூட. தகர வேலையில் அவருக்கு நிகர் இந்தப் பக்கத்தில் இல்லை. மழைத் தண்ணி ஓடுகிற பீலி கட்டுவதில் பேர் எடுத்தவர். கோயில், பள்ளிக்கூடம், வீடு, அவர் கட்டிய பீலி ஒழுகி நான் கேள்விப்பட்டதில்லை. ஹோட்டல் டக்டையும் அவர்தான் செய்தார். அது திருத்தமாக இருந்ததால், கொழும்பிலிருந்து வந்த செட்டையும் முதலாளி அவரிடமே கொடுத்துவிட்டார். பெட்டிக்குள் ஒரு படம் இருந்தது. படத்தைப் பார்த்துப் பூட்டினார்.

சோதனைக்கு அவரும் வந்திருந்தார். நான் ஒரு பில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் நிற்கிற நொசிலுக்குப் பலூன் கட்டினேன். அடுப்புக்கு மேலே உள்ளவற்றுக்கும் கட்டினேன்.

"டக்ட் நொசிலுக்கு நான் கட்டுறன்" என்றார் பாஸ். "மேல ஒடுக்கம். எனக்குத்தான் வழி தெரியும்." ஒரு மஞ்சள் பலூனை எடுத்துக்கொண்டு சீலிங் பலகையை நகர்த்தி மேலே ஏறினார்.

துண்டை வெட்டினேன். கயிறு தளர்ந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று பலூன்கள் குண்டாகின. கேஸ் வால்வு டக் என்று பூட்டியது.

"ஆருக்குகா பேத்டே?" என்றாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பெண்.

"யோகன் அண்ணனுக்கு. நாளைக்குப் பெரிய குக்காப் பிறக்கப் போறாராம்" என்றாள் மற்றவள்.

மேலேயிருந்து பாஸின் குரல் வந்தது. "இதுவும் ஊதிட்டு."

யோகன் கை தட்டினான். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினான். பாஸ் இறங்கி வந்து கிளாஸை வாங்கினார். நானும் வாங்கினேன். என் கிளாஸில் விரல் அடையாளம் கறுப்பாகப் பதிந்தது. ஒரு பில்டரைக் கழற்றியதற்கே என் கை அப்படி. பாஸின் கிளாஸ் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"பாஸ், கை கழுவினீங்களா?"

"எதுக்கு? கையில ஒண்டுமில்லியே."

விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லைதான். மாதக் கணக்காகப் பொரித்துக்கொண்டிருக்கிற குசினியின் டக்டுக்குள் கைவிட்டவனின் கை அப்படி இருக்காது.

பக்கத்தில் ஒரு வாளி இருந்தது. கவிழ்த்து, டக்டின் வாய்க்கு நேர் கீழே குந்தியிருந்தேன். காக்காவைப் பார்த்துச் செய்ததில்லை. எனக்கு யோசனை அப்படித்தான் வரும். மேலே பார்த்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். பாஸ் என்னையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்தார்.

எழும்பி எல்லா பில்டரையும் கழற்றினேன். தலையை உள்ளே விட்டு டோர்ச் அடித்தேன். டக்டின் வாய் தெரிந்தது. நாலு பக்கமும் கறுப்புச் சுவர், விரல் மொத்தத்துக்குப் பாகு. நொசில் இல்லை. மஞ்சள் பலூனும் இல்லை.

சீலிங்குக்கு மேலே ஏறினேன். பாஸும் பின்னால் வந்தார். அங்கே டக்டின் வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. மடிப்புகள் நூல் பிடித்தது போல நேர். அந்த அழகான தகரத்தின் மேல், வெளியே, மஞ்சள் பலூன் ஊதி நின்றது. நொசிலை ஒரு தகட்டில் பொருத்தி, நாலு மூலைக்கும் றிவெட் ஆணி அடித்து, டக்டின் தோலைப் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார். அவ்வளவு திருத்தமான பிழையை நான் அதற்கு முன் பார்க்கவில்லை.

"இது உள்ளுக்க நிக்க வேணும் பாஸ்."

"உள்ளுக்கயா? அப்ப டக்டில ஓட்டை போடச் சொல்றயா?"

"ஓம்."

"ஓட்டை போட்டா ஒழுகும் தம்பிராசா. எண்ணெய் சீலிங்கில சொட்டும். நான் கட்டின பீலி ஒண்டு ஒழுகினதெண்டு கேள்விப்பட்டிரிக்கயா?"

"இல்ல."

"அப்ப?"

"தீ உள்ளுக்க வரும் பாஸ். மருந்து வெளியில நிண்டு தகரத்தக் கழுவும்."

அவர் கூரை இடுக்கால் வெளியே பார்த்தார். எட்டித் தொடுகிற தூரத்தில் கிடுகு. பிறகு பலூனை அவிழ்த்தார். அது புஸ் என்று இளைத்தது.

"படத்தில உள்ளுக்கயா வெளியிலயா எண்டு தெரியல்ல" என்றார். "எனக்கு ஒழுகக்கூடாது எண்டதுதான் மண்டைக்குள்ள."

அது பொய் இல்லை. ஒழுகாமல் செய்வதே தொழிலாக இருந்தவரிடம் ஓட்டை போடுகிற வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

இறங்கி வந்து முதலாளியிடம் சொன்னேன். முதலாளி நியாயமான ஆள். ஆனால் அடுத்த நாள் கலியாணம்.

"பலூனெல்லாம் ஊதினதே. நானும் பாத்தன்" என்றார்.

"ஊதினது. ஒண்டு பிழையான இடத்தில ஊதினது."

"நாளையண்டைக்குச் செய்யுங்க. கலியாணம் முடியட்டும். இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கல்லத்தானே."

"நாளைக்குத்தான் எல்லா அடுப்பும் ஒண்டாப் பத்தும். தாச்சி முழுக்க எண்ணெய் கொதிக்கும். அது பிடிச்சா மேல ஏறும். ஏறினா கிடுகு. உள்ளுக்க நிக்கிறவங்க எந்தக் கதவால வாற?"

முதலாளி கதவைப் பார்த்தார். 

யோகன் என்னைக் கையில் பிடித்து ஒரு பக்கம் இழுத்தான். "அத்தான், என்ட அத்தான். ஒரு நாள். நான் தாச்சியப் பாத்துக்கொள்றன். கண்ண எடுக்க மாட்டன். நீங்க ஓம் எண்டு செல்லுங்க, போதும்."

"இல்ல."

"உங்களக் கூப்பிட்டதே நான்."

"ஓம். கூப்பிட்ட நீதான் உள்ளுக்க நிக்கப் போறாய்."

மேலும் பேசினால் நான் ஓம் என்று சொல்லிவிடக்கூடும். ஸ்பானரை எடுத்து, கேஸ் வால்வின் கைபிடியைக் கழற்றி என் சேட் பைக்குள் போட்டேன். யாரும் தடுக்கவில்லை. யோகன் தலையில் இருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னே செய்தி போய்விட்டது. பவளம் சோற்றைப் போட்டாள். குழம்பைத் தள்ளி வைத்தாள், நானே எடுத்து ஊற்றிக்கொள்ளட்டும் என்று. கைபிடியை மேசையில் வைத்தேன்.

"இதென்ன?"

"கேஸ் பூட்டு."

"ஊரில எத்தின ஹோட்டல் இரிக்கு. என்ட தம்பி வேலை செய்யிற ஹோட்டல்தான் கிடைச்சதா பூட்ட?"

நான் சாப்பிட்டேன். அவளுக்கு டக்டையும் கிடுகையும் விளக்கிச் சொல்லலாம். சொன்னாலும் தம்பியின் தொப்பிதான் அவளுக்குத் தெரியும். சாப்பிட்டு முடித்து, கைபிடியை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். வேலை கிடந்தது.

கலியாணச் சாப்பாடு நிற்கவில்லை. ஹோட்டல் வளவில், வாவிக்கரையோரமாக, கல் வைத்து விறகு மூட்டினார்கள். கிடாரங்கள் எங்கேயோ போய் இரவலாக வந்தன. யோகன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புகைக்குள் நின்றான். வாவிக் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் புகை அவன் முகத்துக்கே போனது. நான் கடந்து போகும்போதெல்லாம் அகப்பையால் கிடாரத்தை ஓங்கித் தட்டினான். எனக்குத் தட்டுவதாக எண்ணம் போல. சோறு கொஞ்சம் அடிப்பிடித்தது என்று பெண்ணின் மாமா குறை சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பெரிய குக் கதையை முதலாளி அதற்குப் பிறகு சில காலம் எடுக்கவில்லை.

உள்ளே நானும் பாஸும் வேலை செய்தோம். இதைக் கவனமாக எழுதுகிறேன், தொழிலில் இருப்பவர்களுக்கு.

எண்ணெய் படிந்த டக்டில் கிரைண்டர் பிடிக்கக்கூடாது. ஒரு பொறி போதும், நீங்களே அந்தத் தீயை வைத்துவிடுவீர்கள். முதலில் சுரண்டினோம். மரச் சட்டத்தால், இரும்பால் இல்லை. சுரண்டியதை வாளி வாளியாக வெளியே கொண்டு போனோம். பிறகு வெந்நீரும் சலவைச் சோடாவும் விட்டுக் கழுவினோம். துணியால் துடைத்து, துணி வெள்ளையாக வரும் வரை துடைத்து, அதன் பிறகுதான் தகரத்தில் கை வைத்தோம். கையால் சுற்றுகிற துளைப்பானால், ஈரத் துணியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மெல்ல.

ஓட்டையை யார் போடுவது என்று ஒரு கதை வந்தது. துளைப்பானை நான் எடுத்தேன். பாஸ் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நான் செஞ்ச தகரம். நானே குத்துறன்."

குத்தினார். விளிம்பை அரத்தால் உருட்டினார். நொசில் குழாயை உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து இறுக்குகிற பூட்டு ஒன்று உண்டு, சூடு தாங்கக்கூடியது. அதைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். போதாது என்று ஓட்டையைச் சுற்றித் தகரத்தில் ஒரு சின்ன மேடு எழுப்பினார், எண்ணெய் வழிந்து வந்தாலும் விலகி ஓடுகிற மாதிரி. அது எந்தப் படத்திலும் இல்லை. பக்கத்தில் கை போகிற அளவுக்கு ஒரு கதவும் வெட்டினோம், அடுத்த முறை பார்ப்பதற்கு. அதற்கும் விளிம்பை மடித்துத் தூக்கினார்.

"இதுவும் ஒழுகாது" என்றார்.

திரும்பவும் பலூன் கட்டினோம். இம்முறை நான் கீழே நின்று, பில்டர் இல்லாத ஹூட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு துண்டை வெட்டினேன். டக்டின் வாய்க்குள் மஞ்சள் பலூன் என் கண்ணுக்கு முன்னால் ஊதியது. மருந்துச் சிலிண்டரை இணைத்தேன். கைபிடியைப் பூட்டினேன். வந்துவிட்டேன்.

யோகன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பொங்கலுக்கும் வரவில்லை. வேறொரு கலியாணத்துக்குப் பிறகு முதலாளி அவனுக்கு அந்தப் பெரிய குக் இடத்தைக் கொடுத்துவிட்டார். அதையும் ஊரார் சொல்லித்தான் அறிந்தேன். பவளம் என்னோடு பேசினாள், ஆனால் தம்பியின் பேச்சு வந்தால் எழும்பிப் போய்விடுவாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அத்தான், உங்கட சவர்க்காரத் தண்ணி என்ட இறால் கறி முழுக்க ஊத்திட்டு."

யோகன்தான்.

"தீப் பிடிச்சதா?"

"பிடிக்காம உங்கட தண்ணி சும்மாவா வரும்? கோழி பொரிச்ச தாச்சி. குப்பெண்டு ஹூட்டுக்குள்ள ஏறிட்டு. மண்டபத்தில சனம் குந்திக்கொண்டிரிக்கு. நான் இப்ப என்னத்தக் குடுக்கிற? நுரையையா?"

"ஆக்கள்?"

"ஆக்களெல்லாம் வளவுக்குள்ள நிக்கிறம். கறிய நினைச்சாத்தான் வயிறு பத்துது. கிழங்குக் கறியும் போயிட்டு. பருப்பும் போயிட்டு. ஒரு சட்டி மிச்சமில்ல."

"கேஸ்?"

"அது தானாப் பூட்டிட்டு."

"ஒண்டையும் தொடாத. வாறன்."

இன்னும் ஏசிக்கொண்டிருந்தான். போனை வைத்தேன்.

"ஆரு?" என்றாள் பவளம்.

"உன்ட தம்பி. குசினியில தீ. ஆளுக்கு ஒண்டுமில்ல. ஏசுறான்."

அகப்பையைக் கீழே வைத்தாள். "சத்தமாத்தான் ஏசினவனா?"

"நல்ல சத்தம்."

 பிறகு அகப்பையை எடுத்து, குழம்பை அவளே என் சோற்றில் ஊற்றினாள். "திண்டுட்டுப் போங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். தாச்சி, அடுப்பு, கறிச் சட்டி எல்லாம் வெள்ளை நுரை. மேலே ஏறி, நாங்கள் வெட்டிய கதவைத் திறந்து டோர்ச் அடித்தேன். டக்டின் வாய்க்குள் தீ ஒரு முழம் ஏறியிருந்தது. அந்த முழத்துக்குத் தகரம் வெந்து நீலம் பாய்ந்திருந்தது. நொசில் நின்ற இடத்தோடு அது முடிந்தது. அதற்கு மேலே, நாங்கள் கழுவிய பிறகு படிந்த பாகு பிடித்தபடி கிடந்தது, சூடு கூடப் படாமல். கூரை இடுக்கால் கிடுகைப் பார்த்தேன். காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

நொசில்களைக் கழுவி, புதுத் துண்டு, புதுச் சிலிண்டர் போட வேண்டும். வழமையான வேலை. கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குமாரு பாஸும் ஏணியில் ஏறி வந்தார். கேள்விப்பட்டு சைக்கிளில் வந்திருக்கிறார். அவர் தீயைப் பார்க்கவில்லை. குனிந்து, டக்டுக்குக் கீழே இருந்த சீலிங் பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனார், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

"ஒரு சொட்டும் இல்ல, பாத்தயா" என்றார்.

"பாத்தன் பாஸ்."

பிறகு நொசில் பூட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கக் கதவுக்குள் கையை விட்டார். முழங்கை வரை விட்டுத் துழாவினார். "அசையல்ல" என்றார்.

களுதாவளைத் தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். கமெரா விடுங்கள். நல்ல சாமான், நான் குறை சொல்லவில்லை. கமெராவைப் பிடித்திருக்கிற ஆள் இறங்கி வந்தவுடன் அவன் கையையும் ஒருமுறை பாருங்கள்.

நாங்கள் இறங்கி வந்தபோது யோகன் வளவில் கல் வைத்து விறகு மூட்டியிருந்தான். மண்டபத்துச் சனத்துக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். வெள்ளைத் தொப்பி தலையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அகப்பையால் சட்டியில் ஓங்கித் தட்டினான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு கிளாஸில் பிளேன்டீ ஊற்றி நீட்டினான். நான் என்னுடையதை வாங்கினேன். பாஸ் அவருடையதை வாங்கிக் குடித்துவிட்டுக் கல்லில் வைத்தார். கிளாஸில் அவருடைய ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.